கடல் கடந்த செல்வமும் குடும்ப நம்பிக்கைப் பொறுப்பும்

தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களைப் படித்தோர் அவற்றின் ஈற்றில் வரும் சாபத்தை மறந்திரார். இன்ன நிலத்தின் வருவாய் கொண்டு இன்ன விளக்கு எரிப்பதென்று அறம் வகுத்த பின்னர், இவ்வறத்தை அழித்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவானென்று கல்லில் வெட்டி முடித்தனர் நம் முன்னோர். ஒருவன் பிறர்பொருட்டு ஒப்புவித்த பொருளை ஏற்றவன் பேணுவானா, தானே விழுங்குவானா என்னும் ஐயம் அவர்களுக்கும் இருந்தது. அவ்வையத்துக்கு அவர்கள் கண்ட காப்பு சாபம். ஆங்கிலேயர் கண்ட காப்பு நீதிமன்றம். ஒப்புவித்த பொருளைப்பற்றிய ஆங்கிலச் சட்டமே 'டிரஸ்ட்' எனப்படுவது. அதனை நம் நாட்டுச் சட்ட நூல்கள் 'நம்பிக்கைப் பொறுப்பு' என்று மொழிபெயர்த்துள்ளன.

கம்பளைப் பாடசாலை ஆசிரியன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலையென்று வாசகர் வினவலாம். 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'பண்டோரா ஆவணங்கள்' என்னும் பெயரில் உலகச் செல்வரின் மறைவான கணக்குகள் செய்தித்தாள்களிலே வெளிவந்தன. அப்போது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், கோயிலுக்கும் டிரஸ்ட் இருக்கிறது, கள்ளப் பணத்துக்கும் டிரஸ்ட் இருக்கிறது; இரண்டும் ஒன்றா?" என்று கேட்டான். அன்று யான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிவோம். நம்பிக்கைப் பொறுப்பிலே மூவர் உளர். பொருளுக்கு உரியவனாயிருந்து அதனை ஒப்புவிப்பவன் ஒருவன், அமைப்பாளன் என்போம். அதனை ஏற்று நிருவகிப்பவன் இரண்டாமவன்; பொறுப்பாளன். அதன் பயனைத் துய்ப்பவன் மூன்றாமவன், பயனாளி. உறுதியிலே பெயர் இருப்பது பொறுப்பாளனுக்கு. உண்மையான நலன் இருப்பது பயனாளிக்கு. உரிமையை இவ்வாறு இரு கூறாக்கி, ஒரு கூற்றை ஒருவன் கையிலும் மற்றதை வேறொருவன் கையிலும் வைத்தமையே இவ்வமைப்பின் நுட்பம். நம் கோயில்களின் தருமகர்த்தா நிலத்துக்குச் சொந்தக்காரரல்லர். ஆயினும் வழக்கு நடப்பது அவர் பெயரிலேதான். இதனை அறிந்தோர்க்கு மேற்கூறிய பாகுபாடு புதிதன்று.

இலங்கையில் இதனை ஆளுவது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம். 1882இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டத்தை அது பெரிதும் பின்பற்றியது. அதிலே மூன்று விதிகளை ஈண்டுக் குறித்துக்கொள்க. அசையாச் சொத்துப்பற்றிய நம்பிக்கைப் பொறுப்பு, மரணசாதனத்தாலோ நொத்தாரிசு அத்தாட்சி செய்த எழுத்தாலோ அமைதல்வேண்டும். ஆயின் அவ்விதியே மோசடிக்குத் துணைபோகுமிடத்து அது பொருந்தாது. பொதுநலத்துக்கான தரும நம்பிக்கைப் பொறுப்பு இன்னதென 99ஆம் பிரிவு வரையறுக்கின்றது. சட்டத்தில் விதியில்லாதவிடத்து இங்கிலாந்தில் வழங்கும் ஒப்புரவு நெறிகளே கொள்ளப்படும் என்பது 118ஆம் பிரிவு. இறுதியிற் சொன்ன பிரிவினாலே, எங்கோ ஓர் ஆங்கிலத் தீவில் நடந்த வழக்கும் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலே எடுத்துக்காட்டப்படலாம்.

இனிக் கடல் கடந்த குடும்பச் செல்வத்துக்கு வருவோம். இதற்குச் சுவிற்சலாந்தையோ பனாமாவையோ முதலில் நாட வேண்டியதில்லை. நமக்குக் கிட்டிய உதாரணம் கொழும்புச் செட்டியார் தெருவிலே இருக்கின்றது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கைக்கு வந்து கொடுக்கல்வாங்கல் நடத்தினர். வெள்ளைக்கார வங்கிகள் உள்ளூர் வணிகரை நேரே நம்பிக் கடன் கொடாத காலம் அது. வங்கியிடம் செட்டியார் வாங்கினார். செட்டியாரிடம் அரிசிக் கடைக்காரரும் சிறு தோட்டக்காரரும் வாங்கினர். மலைநாட்டுப் பட்டினங்களிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பெருகியதில் இப்பணத்துக்குப் பங்குண்டு. முதலாளி செட்டிநாட்டிலே இருப்பார். அவர் விலாசத்தைத் தாங்கிய கடை கொழும்பிலும், கண்டியிலும், இரங்கூனிலும், பினாங்கிலும் இருக்கும். ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை முகவர் மாறுவார். இலாபம் ஊருக்குப் போகும், அல்லது வேறொரு நாட்டுக் கடைக்கு உண்டியலாய்ப் பாயும். இன்று பெரிய கம்பனிகள் செய்வதை இவர்கள் பெட்டியடியிலிருந்தே செய்தனர். 1930களின் இறுதியிலே கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நிலம் இவர்கள் கைக்கு வந்திருந்தது என்பதனால் இதன் அளவை உணரலாம்.

இச்செல்வத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றும் எழுதப்படவில்லை. எழுத வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. மிதாட்சர நெறிப்படி, பிரியாத இந்துக் குடும்பத்தின் சொத்து எந்த ஒரு மனிதனுக்கும் தனியே உரியதன்று. ஆண்மகன் பிறந்தவுடனேயே அதிலே உரிமை பெறுகின்றான். இறந்தவுடன் அவனுரிமை எஞ்சியோரிடம் அடங்குகின்றது. குடும்பத் தலைவர் நிருவகிக்கின்றார். பெண்டிர்க்கு ஊணும் உடையும் உறையுளும் பெறும் உரிமை உண்டு. உறுதி எழுதாமலே பிறப்பினாலும் இறப்பினாலும் தானே இயங்கும் நம்பிக்கைப் பொறுப்பென்று இதனைச் சொன்னால் சட்ட அறிஞர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் மாணவர்க்கு விளங்க இதனினும் எளிய உவமை யான் அறியேன்.

இறந்தவன் விட்டுச்சென்ற சொத்தின்மேல் அரசு வரி கேட்கத் தொடங்கியபோது இவ்வமைப்புக்குச் சோதனை வந்தது. ஒருவன் இறந்தால் அவன் சொத்து மற்றொருவனுக்குக் கைமாறுகின்றது. கைமாறும்போது தீர்வை செலுத்துக என்பது ஆங்கில முறை. ஆனால் கூட்டுக் குடும்பத்திலே எதுவும் கைமாறுவதில்லையே! குடும்பம் சாவதில்லை. 1938ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க மரணச் சொத்துத் தீர்வைக் கட்டளைச் சட்டம் இதனை ஒப்புக்கொண்டு, பிரியாத இந்துக் குடும்ப உறுப்பினர் ஒருவர் இறக்குமிடத்து அக்குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்குத் தீர்வை இல்லையென்று 73ஆம் பிரிவில் விதித்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்த சில நாட்களுள்ளேயே அருணாசலஞ் செட்டியார் என்னும் பெருஞ்செல்வர் காலமானார். இந்தியாவிலே நிலையான வதிவுடையவர். இந்தியாவிலும் இலங்கையிலும் தூரகிழக்கு நாடுகளிலும் வணிகமுடையவர். அவருடைய மகன் 1934இலேயே இறந்துவிட்டார். எனவே 1938இலே தந்தையார் கண்மூடியபோது அக்குடும்பத்தில் பங்குரிமையுடைய ஆண்மகன் அவர் ஒருவரே. ஏனையோர் அனைவரும் பெண்டிர். விதவையரும் அவருள் அடங்குவர்.

அரசு தரப்பினர் வாதம் சாமானிய அறிவுக்கு மிகவும் ஏற்புடையதாகவே தோன்றும். குடும்பம் என்றால் பலர் வேண்டும். கூட்டுச் சொத்து என்றால் கூட்டாளி ஒருவராவது வேண்டும். தனித்து எஞ்சிய ஒருவர் அச்சொத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், மரணசாதனத்தால் எழுதியும் வைக்கலாம், தடுப்பார் யாருமில்லை. இவ்வளவு தன்னுரிமை உடையவர் சொத்தைக் குடும்பச் சொத்தென்பது எங்ஙனம்? ஆகவே தீர்வை கட்டுக என்றனர்.

வழக்குப் பல ஆண்டு நீண்டு, இலங்கை உயர் நீதிமன்றத்தைக் கடந்து, இலண்டனில் கோமறைக் கழகத்தின் நீதிக்குழுவை அடைந்தது. 1957இலே தீர்ப்பு வந்தது. அரசு தோற்றது. குழுவினர் கண்ட நியாயத்தை என் சொல்லிலே தருகின்றேன். தனித்து எஞ்சியவருக்குத் தடையில்லாத அதிகாரம் உண்டென்பது உண்மை. ஆயின் அதிகாரத்தின் பரப்பு வேறு, சொத்தின் தன்மை வேறு. அக்குடும்பத்திலே விதவையர் உளர். அவருள் ஒருவர் மகனைத் தத்தெடுப்பாராயின், அப்பிள்ளை அக்கணமே பங்குரிமையாளன் ஆவான். எவ்விடத்திலிருந்து அவனுக்கு அவ்வுரிமை வந்தது? குடும்பமும் குடும்பச் சொத்தும் இடையறாது நிலவியமையாலன்றோ வந்தது! இவ்வழக்கிலே விதவையர் பிள்ளைகளைத் தத்தெடுத்து அத்தொடர்ச்சியைக் காட்டியும் இருந்தனர். ஆதலின் ஓர் ஆடவர் மட்டும் எஞ்சிய காலத்தும் அது அதே பிரியாத குடும்பந்தான். சொத்தும் அதன் சொத்துத்தான். இத்தீர்ப்பைப் பின்னர் இந்திய உயர்நிலை நீதிமன்றமும் வருமானவரி வழக்குகளிலே எடுத்தாண்டது.

இங்கே ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பல நாடுகளிற் பரந்து கிடந்த அச்செல்வத்தைத் தீர்வையினின்றும் காத்தவர் அவ்வீட்டுப் பெண்டிரே. அவர்கள் இல்லையாயின் குடும்பம் இல்லை. அவர்கள் தத்தெடுக்கும் ஆற்றல் இல்லையாயின் தொடர்ச்சி இல்லை. ஆயினும் மிதாட்சர நெறி அவர்களுக்குப் பங்குரிமை அளிக்கவில்லை. ஊணும் உடையும் அளித்தது. இந்தியாவிலே மகளிர்க்குப் பிறப்பினால் வரும் பங்குரிமை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேதான் நாடு முழுவதும் கிடைத்தது. இதனை வகுப்பிற் சொன்னபோது மாணவியர் சிரித்தனர், மாணவர் சிரிக்கவில்லை.

செட்டியார் வழக்கு, குடும்பம் தன்னை உள்ளபடியே காட்டி வெற்றிபெற்ற வழக்கு. குடும்பம் தன்னைத் தருமமாகக் காட்ட முயன்று தோற்ற வழக்கொன்றும் நம் நாட்டிலேயே உண்டு. கொழும்பிலே பெயர்பெற்ற இரத்தினக்கல் வணிகராயிருந்த அப்துல் கபூர் அவர்கள் 1942இலே நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றை எழுதினார். தமக்குப் பின் வருவாயைக் கொண்டு இஸ்லாமிய இளைஞரை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் கல்வி பயிற்றுதல்வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கல்விக்கு ஈவது தருமமன்றோ? தருமமாயின் வருமான வரி இல்லை. ஆனால் மாணவரைத் தெரியும் வரிசையைப் பார்க்க: முதலில் தம்முடையவும் தம் உடன்பிறந்தாருடையவும் வழித்தோன்றல்கள்; அவர்கள் இல்லாதவிடத்து இலங்கைச் சோனக சமூகத்தின் ஏனைய இளைஞர்.

வருமான வரி ஆணையாளர் இதனை ஏற்கவில்லை. முந்திய ஓராண்டுக்கு மீளாய்வுச் சபை பொறுப்பாளர்க்குச் சார்பாகத் தீர்த்திருந்தது. அதனைப் பொறுப்பாளர் கேடயமாகப் பிடித்தனர். 1961இலே கோமறைக் கழகம் இரண்டையும் தள்ளியது. ஓராண்டு வரியைப்பற்றிய முடிவு மறு ஆண்டைக் கட்டாது. மேலும், வழித்தோன்றல்களுக்கு இத்துணை மேலான முன்னுரிமை இருக்குமிடத்து அது குடும்பத்துக்கான ஏற்பாடே; பொதுநலத் தருமம் அன்று என்றார் தீர்ப்பளித்த ராட்கிளிப் பிரபு. பல நாடுகளில் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் பயில்வோர் இன்றும் இக்கொழும்பு வழக்கைப் படிக்கின்றனர்.

நன்கொடையாளரை இழிவுபடுத்தும் எண்ணம் எனக்கில்லை. தன் பேரனைப் படிப்பித்துவிட்டு ஊரார் பிள்ளையையும் படிப்பிக்க எண்ணியவர், ஊரார் பிள்ளையை அறவே எண்ணாதவரினும் மேலானவரே. சட்டம் கேட்டது வேறு: இப்பொருளுக்கு வரி விட்டுக்கொடுப்பது பொதுமக்கள், அவ்வாறு விட்டுக்கொடுத்தவர்க்கு இதிலே உறுதியான பயன் உண்டா என்பது. நம் பாடசாலைகளிலே பழைய மாணவர் புலமைப்பரிசில் நிதிகளை அமைக்கும்போது இவ்வினாவை நொத்தாரிசு முன்னிலையிலேயே கேட்டுக்கொள்ளுதல் நன்று. மேற்படி வழக்கின் காலத்தை அடுத்து, 1971இலே, இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் வழக்கம் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிவைக்க உதவிய உரோமன்-டச்சுச் சட்டத்துப் பிடைகொமிசம் என்னும் முறையும் 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

செட்டியார் வழக்கு முடிந்த அதே 1957ஆம் ஆண்டிலே இலண்டனில் வேறோர் இந்தியச் செல்வரின் வழக்கும் தீர்க்கப்பட்டது. தீர்க்கப்படாமல் விடப்பட்டது என்பதே பொருத்தம். ஐதராபாத்தின் ஏழாவது நிசாம் மீர் உஸ்மான் அலிகான், 1937இலே அமெரிக்க 'டைம்' இதழின் அட்டையில் உலகின் பெருஞ்செல்வராகக் காட்டப்பட்டவர். 1948 செப்டெம்பரில் இந்தியப் படைகள் ஐதராபாத்துட் புகுந்த நாட்களிலே, அவ்வரசின் நிதியமைச்சர் 10,07,940 பவுணும் 9 சிலிங்கும் கொண்ட தொகையை இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியிலிருந்த பாகிஸ்தான் உயர் ஆணையாளர் ரகிம்துல்லாவின் கணக்குக்கு மாற்றினார். சில நாட்களுள் நிசாம், தம் இசைவின்றி அது நடந்ததென்று பணத்தைத் திருப்பிக் கேட்டார். வங்கி இருவருக்கும் கொடாது நின்றது. நிசாம் தொடுத்த வழக்கிலே, வேற்று நாட்டு அரசை அதன் இசைவின்றி இங்கே வழக்குக்கு இழுத்தலாகாது என்று பிரபுக்கள் சபை 1957இலே கூறிவிட்டது. பணம் வங்கியிலேயே உறைந்தது.

நிசாம் 1967இலே மறைந்தார். தம் உள்நாட்டுச் செல்வத்தை அவர் பல நம்பிக்கைப் பொறுப்புகளாகப் பகுத்திருந்தார். அவற்றுட்பட்ட 173 நகைகளை இந்திய அரசு 1995இலே 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இலண்டன் பணமோ அசையவில்லை. 2013இலே பாகிஸ்தான் தானே வங்கிக்கெதிராக வழக்குத் தொடுத்தபோதுதான் இறைமைக் காப்பு என்னும் பூட்டுத் திறந்தது. பின்னர் அது வழக்கை விலக்கிக்கொள்ள முயன்றும் நீதிமன்றம் விடவில்லை. நிசாமின் பேரர் இருவரும் இந்திய அரசும் தம்முள் உடன்பட்டு ஒருபக்கம் நின்றனர். 2019 அக்டோபர் 2ஆம் நாள் நீதிபதி மார்க்கஸ் ஸ்மித் தீர்ப்பளித்தார். ரகிம்துல்லா அப்பணத்தைப் பாகிஸ்தானுக்கு உரியதாகப் பெறவில்லை. நிசாமுக்கும் அவர் உரிமை வழிவந்தோர்க்கும் உரிய நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருந்தார் என்பது முடிவு. 71 ஆண்டுகளில் பத்து இலட்சம் பவுண் ஏறத்தாழ 350 இலட்சம் பவுணாய் வளர்ந்திருந்தது. உடனே ஏனைய வழித்தோன்றல்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தமக்கும் பங்கு வேண்டுமென்று வந்தனர். 2020இலே அவர் கோரிக்கை தள்ளப்பட்டது.

இவ்வழக்கிலே நோக்கற்பாலது ஒன்றுண்டு. பணத்தை அனுப்பியவர் எவ்வித உறுதியும் எழுதவில்லை. பெற்றவர், 'இது யாருக்குரியது' என்று கேட்கப்பட்டபோது சட்டம் விடை வகுத்தது. எழுத்தில்லாதவிடத்தும் மனச்சான்றைக் கட்டும் கடமையொன்று உண்டென்பதே ஒப்புரவு நெறியின் உயிர்.

இனி மாணவன் கேட்ட வினாவின் கடினமான பாகம். இக்காலத்துக் கடலகத் தீவுகளில் அமையும் குடும்ப நம்பிக்கைப் பொறுப்புகள் மேற்சொன்னவற்றினும் எவ்வாறு வேறுபட்டன?

பசிபிக் பெருங்கடலிலே குக் தீவுகள் என்று பதினைந்து தீவுகள் உள. அவற்றின் மக்கள்தொகை நம் கம்பளை நகரத்தின் மக்கள்தொகையை விடக் குறைவென்றே சொல்லலாம். அவை 1984இலே சர்வதேச நம்பிக்கைப் பொறுப்புச் சட்டமொன்றை இயற்றின. அதன்படி, வேற்று நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அங்கே செல்லாது. கடன் கொடுத்தவன் அத்தீவுக்கே போய்ப் புதிதாக வழக்காடல்வேண்டும். மோசடியை ஐயத்துக்கிடமின்றி நிறுவல்வேண்டும். அதுவும் குறுகிய காலவெல்லைக்குள். இவ்வாறாயின் செல்வர் தம் பொருளை அங்குள்ள கம்பனியொன்றிடம் ஒப்புவித்துவிட்டு, 'இஃது என்னுடையதன்று' என்று தம் நாட்டிலே கைவிரிக்கலாம். அதே வேளை 'காப்பாளர்' என்னும் புதுப்பெயரோடு பொறுப்பாளரை நீக்கவும் மாற்றவும் அதிகாரம் வைத்துக்கொள்ளலாம். கொடுத்தும் கொடாமை இது.

அமெரிக்கத் தம்பதியர் இருவர் இதனைச் செய்து பார்த்தனர். பொதுமக்களை ஏமாற்றிய வணிகத்திற் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொணருமாறு நீதிமன்றம் கட்டளையிட, அவர்கள் தீவுக்கு எழுதினர். உறுதியிலே ஒரு வாசகம் முன்னரே இருந்தது: நீதிமன்ற நெருக்குதலால் கேட்கப்படுமாயின் தம்பதியர் பொறுப்பாளர் பதவியை இழப்பர், பணமும் கொடுபடாது என்று. 'கேட்டோம், தரமாட்டேன் என்கிறார்கள், எம்மால் இயலவில்லை' என்றனர். இயலாமையைத் தாமே திட்டமிட்டுச் செய்துகொண்டவர் அதனைக் காரணங்காட்டலாகாது என்றும், காப்பாளராக அவர்க்கு இன்னும் பிடி இருந்ததென்றும் கண்ட நீதிமன்றம் அவர்களைச் சிறையிலிட்டது. 1999இலே மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. தீவின் சட்டம் பணத்தைக் காத்தது; பணத்தின் சொந்தக்காரரை அதனாற் காக்க இயலவில்லை.

குடும்பத்துக்குள்ளேயே எழும் பிணக்கும் உண்டு. தந்தை எங்கோ ஒரு தீவில் எதையோ வைத்துவிட்டு இறந்துவிடுகின்றார். எவ்வளவு, யாருக்கு என்பது பிள்ளைகளுக்கே தெரியாது. லூக்கோயில் என்னும் ருஷிய எண்ணெய்க் கம்பனியின் உயர் அதிகாரி ஒருவர் இவ்வாறு இறக்க, அவர் மகன் மான் தீவிலிருந்த பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்டார். காட்டமாட்டோம், நீ பெறக்கூடியவரில் ஒருவனேயன்றிப் பெறுதற்குரியவன் என்பது உறுதியில்லை என்றனர். 2003இலே கோமறைக் கழகம், நம்பிக்கைப் பொறுப்பை மேற்பார்வை செய்வது நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். தக்க காரணமிருப்பின் அத்தகையவர்க்கும் ஆவணங்களைக் காட்டுமாறு அது பணிக்கலாம் என்று முடிவு செய்தது. கணக்குக் காட்டுவாரில்லாத பொறுப்பு, பொறுப்பே அன்று. நம் ஊர்க் கோயிற் பொதுக்கூட்டங்களில் வருடந்தோறும் எழும் கூச்சலின் சாரமும் இதுவே.

பண்டோரா ஆவணங்களில் இருந்தவை 14 நிறுவனங்களினின்றும் கசிந்த 119 இலட்சம் கோப்புகள். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு அவற்றை வெளியிட்டது. இலங்கையின் முன்னாள் பிரதியமைச்சர் ஒருவரும் அவர் கணவரும் அவற்றிலே இடம்பெற்றனர். சில நாட்களுள் விசாரணைக்கு ஜனாதிபதி பணித்தார். ஒருவர் பெயர் கோப்பில் இருப்பதொன்றே குற்றமாகாது என்பதை நாம் மாணவர்க்கு வற்புறுத்திச் சொல்லுதல்வேண்டும். தீவிலே கணக்கு வைத்தல் பல நாடுகளிற் சட்டத்துக்கு மாறானதன்று. ஆயினும் ஆறு மாதங்கழித்து, 2022 ஏப்ரிலிலே, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று இலங்கை அறிவித்தது. கம்பளை எரிபொருள் நிலையத்தின் முன் இரவெல்லாம் முச்சக்கரவண்டிகள் நின்றபோது, நாட்டைவிட்டு அகன்ற டொலர்கள் எங்கே உறங்குகின்றனவென்று மக்கள் கேட்டதிலே வியப்பில்லை. மாணவனுக்கு இன்று யான் சொல்லும் விடை இது: கருவி ஒன்றே. கோயிற் பொறுப்பிலே பயனாளி வெளிப்படை, பொறுப்பாளரைக் கேள்வி கேட்கலாம். தீவுப் பொறுப்பிலே பயனாளியை மறைப்பதற்கே பொறுப்பாளர் கூலி பெறுகின்றார்.

மலைநாட்டு மக்களுக்கும் கடல் கடந்த செல்வம் இருந்தது என்றால் இளையோர் நம்பார். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் மேலெல்லையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்றும் ஒரு வாசகம் இருந்தது. மூன்று தலைமுறை உழைப்புக்கு எல்லை வகுத்த எண் அது. அதற்கு முன்னரே சிலர் தம் சிறு சேமிப்பை ஊரிலுள்ள உறவினர் பெயரில் நிலமாக்கி வைத்தனர். அது அவர்களுடைய 'தீவு'.

என் பாட்டனாரும் அவருள் ஒருவர். கம்பளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளை. துறையூர்ப் பக்கத்திலே தம் தம்பி முறையான ஒருவருக்குக் காசுக்கட்டளை அனுப்பி, ஒரு துண்டு புன்செய் வாங்கச் செய்தார். அவர் அங்கே இருக்கவில்லையாதலின் உறுதி தம்பி பெயரில் எழுதப்பட்டது. போய் மாற்றிக்கொள்வதாக எண்ணம். கடவுச்சீட்டு, பிரஜாவுரிமை, பிள்ளைகள் என்று காலம் கழிந்தது, போகவில்லை.

யான் 2011இலே சென்றேன். நிலம் இருந்தது, நடுவிலே ஒரு புளியமரம். சித்தப்பா முறையானவர் விருந்தோம்பலில் ஒரு குறையும் வைக்கவில்லை. உணவு முடிந்து திண்ணையில் இருந்தபோது, "தம்பி, உங்க தாத்தா பணம் அனுப்பினது உண்மை. எங்கப்பா சொல்லியிருக்கார். ஆனா பட்டா எங்க பேர்ல இருக்கு, இப்ப பிள்ளைங்க காலம்" என்றார். திருச்சியில் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். பிறர் பெயரில் வாங்கிய சொத்தை மீட்க வழக்கிடலாகாது என்பது 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம். பொறுப்பாளராகவோ நம்பிக்கைக்குரிய நிலையிலோ வைத்திருந்தால் விலக்குண்டு. ஆனால் அதனை எதனால் நிறுவுவீர்கள் என்று அவர் கேட்டார். நிசாமின் பேரர்க்கு வங்கிப் பேரேடு இருந்தது. எனக்கு இருந்தது பாட்டனாரின் தகரப் பெட்டி.

யான் வழக்கிடவில்லை. சித்தப்பா 2017இலே காலமானார். அவர் மகன் தீபாவளிக்குத் தொலைபேசியிற் பேசுவான். பெட்டியிற் கிடைத்த காசுக்கட்டளைப் பற்றுச்சீட்டுக்கள் பதினொன்று. 1949ஆம் ஆண்டு முதல் 1952 வரையானவை. இரண்டிலே மை அழிந்துவிட்டது. சட்டம் பயிலும் பழைய மாணவர் எவராவது அவற்றைப் பார்க்க விரும்பினால் வீட்டிலே வைத்திருக்கின்றேன்.